லெவல் ஏறுவது வகுப்பேற்றம் இல்லை

இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்தால் மணிக்கட்டையும் இடுப்பையும் பிடித்தபடி பெண்பிள்ளைகள் வரத் தொடங்கிவிடுவார்கள். உடற்பயிற்சிக் காட்சிக்காக யூடியூப் பார்த்து, முற்றத்துச் சீமெந்தில் பழகியது. இந்த வாரம் வந்தவளுக்குப் பத்து வயது. தாய்க்கோ வலியைவிட வேறொன்றுதான் கவலை: “அமெரிக்காவில அக்கான்ர மகள் ஏழு வயதிலயே ஜிம்னாஸ்டிக்கில லெவல் நாலு. இவ பிந்திப்போனாவோ டொக்டர்?” (நான் இயன்மருத்துவர். திருத்தித் திருத்திக் களைத்துவிட்டேன்.)

இந்தக் கேள்வியை இனிமேல் யாரும் கேட்கக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். அமெரிக்க ஜிம்னாஸ்டிக் முறையில் 1 முதல் 10 வரை லெவல்கள். அதில் லெவல் 4 போட்டிக்கு ஏழு வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்கு முன் விடமாட்டார்கள், அவ்வளவுதான். ஏழு வயதுக்குள் அங்கே நிற்கவேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. பதினெட்டு வயதில் சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்கலாம் என்பதால் இருபது வயதுக்காரர் பிந்திப்போனவரா? லெவல் 10க்கும் குறைந்த வயது ஒன்பதுதான். ஒன்பது வயதில் அதைத் தொடும் பிள்ளைகள் அங்கேயே அபூர்வம். ஒரே லெவலில் இரண்டு, மூன்று வருடம் நிற்பது அங்கே சாதாரணம். அது ஃபெயில் அல்ல.

1 முதல் 5 வரை எல்லோருக்கும் ஒரே கட்டாயக் கோர்வை, அதாவது அதே அசைவுகள் அதே வரிசையில். 6இலிருந்துதான் சொந்தக் கோர்வை. 10க்கு மேலே எலீட் என்ற உச்சப் பிரிவு. ஒலிம்பிக்குக்கோ, போட்டி நடக்கும் ஆண்டுக்குள் 16 வயது நிறையவேண்டும், 1997இலிருந்து அப்படித்தான். உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிதினா டோக்கியோவில் போட்டியிட்டபோது வயது 46. எங்கள் மில்கா கெஹானி, ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்கில் இலங்கையின் முதல் வீராங்கனை, அங்கே நின்றபோது பதின்மம் தாண்டாதவர். பிந்துவது யார், சொல்லுங்கள்?

லெவல் 1 என்பது குத்துக்கரணமும் கார்ட்வீலும் (கையூன்றிப் பக்கவாட்டில் சக்கரம்போலச் சுழல்வது) தான். பின்பக்கமாகப் பாய்ந்து கையூன்றுவது அதற்குப் பிறகு, அதுவும் மெத்தையில், பயிற்றுநரின் கை முதுகில் இருக்க. எங்கள் பிள்ளைகளோ அந்தப் பின்பாய்ச்சலிலிருந்தே தொடங்குகிறார்கள். பத்து வயதுப் பிள்ளையின் மணிக்கட்டில் எலும்பு வளரும் இடம் இன்னும் மூடவில்லை. முழு உடம்பும் அதன்மேல் விழுகிறது.

உடற்கல்வி ஆசிரியர்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: காட்சிக்குப் பிரமிட்டும் வளையமும் போதும். சீமெந்தில் பாயவிடாதீர்கள். சாக்கை விரித்தால் மெத்தையாகிவிடாது.

அம்மாமாரே, மணிக்கட்டு வலித்தால் கையூன்றும் பயிற்சியை நிறுத்துங்கள். நல்லெண்ணெய் போட்டு உருவ வேண்டாம், தயவுசெய்து. பின்னால் வளையும்போது இடுப்பு வலித்து, இரண்டு கிழமையாகியும் குறையாவிட்டால் கூட்டி வாருங்கள். ஏற்கெனவே எடுத்த எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் பரவாயில்லை. முதுகெலும்பில் விழும் அழுத்தக் கீறல் ஆரம்பத்தில் அதில் தெரியாமல் போகலாம். வரும்போது அந்த யூடியூப் வீடியோவையும் ஃபோனில் கொண்டு வாருங்கள். எந்தப் பாய்ச்சல் என்று நான் பார்க்கவேண்டும்.