அரத்தை எடுக்கும் முன் சக்கரத்தை அளந்து பாருங்கள்

லண்டனில் மாடல் ரயில் எஞ்சின்களைப் பழுதுபார்த்துத் தரும் என் பட்டறைக்கு, அண்மைக் காலமாக ஒரே வகையான சேதத்தோடு எஞ்சின்கள் வருகின்றன. 1950களிலும் 60களிலும் வந்த டபுள் ஓ அளவு (தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மி.மீ. உள்ள மாடல் வகை) எஞ்சினை இன்றைய தண்டவாளத்தில் ஓட்டுகிறார்கள். அது பாயிண்டுக்குப் பாயிண்ட், அதாவது தண்டவாளம் கிளை பிரியும் இடந்தோறும், தடம்புரள்கிறது. உடனே அதைத் தலைகீழாகப் பிடித்து, மோட்டாரை ஓடவிட்டபடியே சக்கரத்தின் விளிம்பில், அதாவது தண்டவாளத்தின் உட்புறமாகக் கீழே நீட்டிக்கொண்டு சக்கரத்தைத் தடத்தில் நிறுத்தும் பகுதியில், அரத்தை வைத்துத் தேய்த்துவிடுகிறார்கள். சென்ற மாதம் ஒரு பெரியவர் கொண்டுவந்த சிறிய டேங்க் எஞ்சினில், மோட்டாரின் காந்தத்தைச் சுற்றி இரும்புத் தூள் முள்முள்ளாகச் சிலிர்த்து நின்றது. விளிம்பின் நுனி கத்தி போலக் கூர்மையாகியிருந்ததோடு, சக்கரமும் வட்டமாக இல்லை. தந்தை வாங்கித் தந்த எஞ்சின் என்று அவர் சொன்னபோது எனக்கு மனம் கனத்தது.

விளிம்பின் நுனி உருண்டையாகவும், அது சக்கரத்தின் ஓடுபரப்போடு (தண்டவாளத்தின் மேல் உருளும் பரப்பு) சேரும் மூலை சிறு வளைவாகவும் இருக்க வேண்டும். கூரான நுனி, தண்டவாள இணைப்பில் கிடைக்கும் சின்ன மேட்டிலும் ஏறிவிடும். அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில்வே சங்கம் வகுத்த ஆர்பி-25 என்னும் சக்கர வடிவம் இந்த வளைவுகளுக்காகவே பெயர் பெற்றது, 2.79 மி.மீ. அகலமுள்ள அவ்வகைச் சக்கரத்தில் விளிம்பின் உயரம் 0.64 மி.மீ. மட்டுமே. பழைய எஞ்சின்களில் இது ஏறக்குறைய இரண்டு மடங்காக இருப்பதால், 1.9 மி.மீ. உயரமுள்ள கோட் 75 தண்டவாளத்தில் விளிம்பு கீழேயுள்ள பிடிப்புகளில் தட்டித் தட்டி ஓடும். ஆனால் 2.54 மி.மீ. உயரமுள்ள கோட் 100 தண்டவாளத்திலும் தடம்புரள்கிறது என்றால், காரணம் விளிம்பின் உயரமாக இருப்பது அரிது.

பெரும்பாலும் குற்றவாளி, ஒரே அச்சிலுள்ள இரண்டு சக்கரங்களின் உட்புற முகங்களுக்கு இடையேயுள்ள தூரம்தான். இன்றைய பாயிண்டுகள் 14.4 மி.மீட்டரை ஒட்டிய தூரத்தை எதிர்பார்க்கின்றன. பழைய எஞ்சின்களை வெர்னியர் காலிப்பரால் அளந்தால் 14-க்கும் கீழே காட்டும். தூரம் குறைந்தால், கிராஸிங்கின், அதாவது இரு தடங்களின் தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தின், எதிர்ப்பக்கத்தில் சக்கரத்தைப் பிடித்துச் செலுத்தும் துணைத் தண்டவாளமான செக் ரெயிலின் மேல் சக்கரத்தின் முதுகு (உட்புற முகம்) ஏறி அமர்ந்துகொள்ளும். தூரம் அதிகமானால், செக் ரெயில் சக்கரத்தை இழுத்துப் பிடிக்க முடியாமல், எதிர்ப்பக்க விளிம்பு கிராஸிங்கின் கூர்முனையான மூக்கில் நேராக முட்டும்.

சக்கரத்தை அச்சில் சற்று வெளியே தள்ளினால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். விளிம்பின் தடிமன் 1.1 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 14.4-ஐயும் இரண்டு விளிம்புகளையும் கூட்டினால் 16.6, தண்டவாளங்களுக்கு இடையேயுள்ள தூரமோ 16.5. சக்கரம் இறுகிக்கொள்ளும். அதனால் நான் சக்கரத்தை நகர்த்துவதில்லை. 13.8 மி.மீ. காட்டும் ஜோடியை லேத்தில் பிடித்து, ஒவ்வொரு விளிம்பின் முதுகிலும் 0.3 மி.மீ. சீவினால், உட்புறத் தூரம் 14.4 ஆகிறது, விளிம்பு 0.8-க்கு மெலிகிறது; முன்முகம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நீராவி எஞ்சினில் இதற்கு இன்னொரு லாபமும் உண்டு. இரு பக்கங்களிலும் சக்கரங்களை இணைக்கும் தண்டுகள் மாட்டப்படும் கிராங்க் முளைகள் ஒன்றுக்கொன்று 90 பாகை விலகி நிற்க வேண்டும். சக்கரத்தை அச்சிலிருந்து கழற்றினால் அந்தக் கோணம் குலைந்து, எஞ்சின் தடுமாறித் தடுமாறி நகரும். கழற்றியே ஆக வேண்டுமென்றால் சக்கரம் கழற்றும் கருவியைப் பயன்படுத்துங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் அச்சு வளைந்துவிடும். சக்கரத்தின் நடுப்பகுதி பிளாஸ்டிக்காக இருந்தால் மிக மெல்லிய சீவலாக எடுத்து, இடையிடையே ஆறவிடுங்கள். சூடேறினால் உலோக வளையம் தளர்ந்து தனியே சுழலத் தொடங்கும்.

நிஜ ரயிலில் வெளிச்சக்கரம் சரிவின் பெரிய விட்டத்தில் உருண்டு வளைவில் திரும்புவதைப் போல, ஓடுபரப்பின் சரிவே வண்டியைத் திருப்பிவிடும் என்று நம்பி, அதைச் செதுக்கிப் பார்ப்பவர்களும் உண்டு. 438 மி.மீ. ஆரமுள்ள வளைவில் வெளித் தண்டவாளம் உள் தண்டவாளத்தைவிட 4 சதவீதம் நீளம். 24 மி.மீ. விட்டமுள்ள சக்கரங்கள் அதை ஈடுகட்ட, 1-க்கு 20 என்ற சரிவில் ஜோடி சுமார் நாலரை மி.மீ. பக்கவாட்டில் நகர வேண்டும். நமக்கு இருக்கும் இடமோ அரை மி.மீ. கூட இல்லை. இவ்வளவு இறுக்கமான வளைவில் வண்டியைத் திருப்புவது விளிம்பு மட்டுமே. ஓடுபரப்பில் கை வைக்க வேண்டாம்.

வேலை முடிந்ததும் மின்சாரம் கொடுக்காமல், சக்கர ஜோடியை மட்டும் விரலால் பாயிண்டின் இரு வழிகளிலும் மெல்ல உருட்டிப் பாருங்கள். கிராஸிங்கைக் கடக்கும்போது விரல் நுனியில் சிறு தட்டல்கூட உணரக்கூடாது. உணர்ந்தால் மறுபடியும் காலிப்பரை எடுங்கள்.