லூதரின் தொண்டையைச் சுருக்கியது யார்?

'ஸ்லோ ஜாம்ஸ்' பாட்டில் பின்னால் கீச்சென்று பாடுவது ஏதாவது சிறுமியா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இல்லை. அது லூதர் வாண்ட்ராஸ், நல்ல கனிந்த ஆண்குரல். ட்விஸ்டா, கான்யே வெஸ்ட், ஜேமி ஃபாக்ஸ் மூவரும் சேர்ந்து போட்டு, 2004இல் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்த இந்த ஹிப்-ஹாப் பாட்டு, லூதர் 1981இல் பாடிய ஒரு மெதுவான சோல் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் உருக்கமான இசை வகை) பாட்டிலிருந்து துண்டு எடுத்து, அதை வேகமாக ஓட்டி, அதன்மேல் கட்டியது.

வேகமாக ஓட்டினால் சுருதி ஏறும், தெரிந்ததுதான். நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலவேண்டிய ரெக்கார்டை 45இல் ஓடவிட்டால் எல்லா அதிர்வெண்களும் 1.35 மடங்காகும், ச-வில் இருந்தது ம-வை லேசாகத் தாண்டிவிடும். சரி, லூதரே ம-வில் பாடினால் குழந்தைக் குரலாகிவிடுமா? ஆகாதே!

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். குரல்நாண்கள் தருவது வெறும் ரீங்காரம். அதற்கு மேலே உதடுவரை இருக்கிற பாதை, வளர்ந்த ஆணுக்குச் சுமார் 17 செ.மீ., பள்ளியில் படித்த ஒருமுனை மூடிய காற்றுத் தம்பமேதான். வாயைத் தளர்வாக வைத்தால் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் பக்கம் ஒத்ததிர்வு வரும், அதாவது ரீங்காரத்தில் அந்த அதிர்வெண்கள் மட்டும் வலுத்துக் கேட்கும். பாடகர் சுருதியை ஏற்றினாலும் குழாய் நீளம் பெரிதாக மாறாது, அதனால் இந்த எண்களும் ஏறக்குறைய அங்கேயே நிற்கும். ரெக்கார்டை வேகமாக ஓட்டும்போது இவையும் சேர்ந்து ஏறுகின்றன, 500 போய் 675. அப்படி ஒத்ததிரக் குழாய் 12.6 செ.மீ. தான் இருக்க வேண்டும், அது ஒரு பள்ளிச் சிறுவனின் தொண்டை! காது இந்தக் கணக்கைத் தானே போட்டு, பாடுபவரின் உடம்பையே சின்னதாக்கிவிடுகிறது.

 

இன்றைய மென்பொருளில் வேகத்தையும் ஒத்ததிர்வையும் தொடாமல் சுருதியை மட்டும் ஏற்றலாம். ஆனால் 'சிப்மங்க் சோல்' (சிப்மங்க் என்பது அணில் இனம்) என்று பெயர் வாங்கிய இந்தப் பாணிக்கு அது உதவாது. மூன்றும் ஒன்றாக ஏறினால்தான் அந்தக் கீச்சு வரும்.