தண்டவாளத்துக்கு வெளியே நின்றால் போதுமா? நீராவி ரயில் விழாவுக்குப் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு

ஆஸ்திரேலியாவில் நடக்கும் நீராவி ரயில் விழா ஒன்றுக்குச் சென்று திரும்பிய நண்பர்கள் அண்மையில் சிங்கப்பூரில் எங்கள் சமூக மன்றத்தில் தங்கள் படங்களைத் திரையிட்டார்கள். அவற்றுள் அதிகக் கைதட்டல் பெற்றது, விழாத் திடலுக்கு வெளியே, ஓடி வரும் இஞ்சினின் முகப்பைச் சரளைக்கல் மட்டத்திலிருந்து அகலக்கோண லென்சால் எடுத்த படம். எடுத்தவர் எங்கே மண்டியிட்டிருந்தார் என்பதைப் படத்தின் கோணமே காட்டிக் கொடுத்தது. ரயில் தடத்தில் வேலை செய்வோருக்குப் பாதுகாப்புப் பயிற்சி அளிப்பது என் தொழில் என்பதால் எனக்குக் கை தட்ட மனம் வரவில்லை. இப்படி ஒரு படத்தை ஒவ்வோர் ஆண்டும் யாராவது காட்டுகிறார்கள். கேட்டால், "நான் தண்டவாளத்துக்கு வெளியேதானே இருந்தேன்" என்ற அதே பதிலைச் சொல்கிறார்கள். அந்தப் பதிலுக்காகவே இதை எழுதுகிறேன்.

தண்டவாளம் சக்கரங்களுக்குத்தான் எல்லை, வண்டிக்கு அன்று. உலகில் பெருமளவில் பயன்படும் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட அகலம் 1,435 மில்லிமீட்டர். அதன் மேல் ஓடும் பெரிய நீராவி இஞ்சினின் அகலமோ ஏறத்தாழ 2.7 முதல் 3 மீட்டர். அதாவது, ஒவ்வொரு பக்கத்திலும் 60 முதல் 80 சென்டிமீட்டர் வரை இஞ்சின் தண்டவாளத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு வருகிறது. தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகள்கூடப் பொதுவாக இரண்டரை மீட்டர் அளவுதான் நீளம். ஆகவே கட்டையின் முனைக்கருகில் மண்டியிட்டிருப்பவர் வண்டிக்கு வெளியே இல்லை, வண்டி வரப்போகும் இடத்துக்குள்ளேயே இருக்கிறார். நீராவி இஞ்சினில் பக்கவாட்டில் அதிகம் துருத்தி நிற்கும் சிலிண்டர்களும் படிக்கட்டுகளும் தாழ்வாக அமைந்தவை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மண்டியிட்டவரின் மார்பும் தலையும் இருக்கும் உயரம் அது.

இது நிற்கும் வண்டியின் கணக்கு. ஓடும் வண்டி அதைத் தாங்கும் ஸ்பிரிங்குகளின் மேல் ஆடும். வளைவில் அதன் நடுப்பகுதி உட்பக்கமாகவும் முனைகள் வெளிப்பக்கமாகவும் தள்ளிக்கொண்டு போகும். சுரங்கச் சுவரையோ நடைமேடையையோ கட்டும்போது நாங்கள் இவை எல்லாவற்றையும் கூட்டி, தேய்மானத்துக்கும் இடம் விட்டுத்தான் இடைவெளியை முடிவு செய்கிறோம். கான்கிரீட் சுவருக்கே அவ்வளவு இடம் விடும்போது, மனிதர்கள் தங்களுக்கு ஒரு சாண் போதும் என்று எப்படித்தான் நினைக்கிறார்களோ!

"சின்ன ரயில்தானே" என்பது இதே தவற்றின் மற்றொரு வடிவம். மெல்பர்னுக்கு அருகில் ஓடும் பஃபிங் பில்லியின் பாதை அகலம் 762 மில்லிமீட்டர், டார்ஜிலிங் ரயிலுடையது 610 மில்லிமீட்டர். பாதை குறுகியது என்பதால் வண்டியும் அதே அளவுக்குக் குறுகிவிடுவதில்லை. அங்கே வண்டியின் அகலத்தில் பாதிக்கு மேல் தண்டவாளங்களுக்கு வெளியேதான் இருக்கிறது.

2024 ஜூன் மாதம், 1930இல் கட்டப்பட்ட 'எம்ப்ரஸ்' 2816 என்ற கனடிய நீராவி இஞ்சின் கல்கரியிலிருந்து மெக்சிகோ நகரம் வரை சென்றபோது, மெக்சிகோவின் இடால்கோ மாநிலத்தில் ஒரு பெண் தம்மைத் தாமே படம் எடுக்க முயன்று தலையில் அடிபட்டு இறந்தார். அவர் தண்டவாளங்களுக்கு நடுவில் நிற்கவில்லை. பாதையை ஒட்டித் தாழ்ந்து அமர்ந்து, இஞ்சின் தமக்குப் பின்னால் கடந்து போகும் காட்சிக்காகக் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தார். அந்தக் காணொளி உலகம் முழுவதும் பரவியது. அதைப் பார்த்துவிட்டு "என்ன அறியாமை" என்று என்னிடம் சொன்னவர்களில் சிலர், தாங்களும் ஏறக்குறைய அதே இடத்தில் நின்று எடுத்த படங்களை வீட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள்.

கேமராவும் இதற்கு உடந்தை. அகலக்கோண லென்சின் வழியே பார்க்கும்போது வண்டி நெடுநேரம் தொலைவில் இருப்பதாகவே தோன்றி, கடைசி நொடிகளில் திடீரென்று திரையை நிறைத்துவிடும். தொலைநோக்கு லென்சிலோ அது நகராமல் ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். இரண்டிலும் கண் சொல்லும் தூரத்தை நம்பக் கூடாது.

காதையும் நம்பாதீர்கள். நீராவி இஞ்சின் ஏற்றத்தில் இரைந்துகொண்டு வருவது உண்மைதான். இறக்கத்தில் நீராவியை அடைத்துவிட்டு உருளும்போது அது வியப்பூட்டும் அளவுக்கு அமைதியாக வரும். அதைவிடப் பெரிய ஆபத்து, நீங்கள் எதிர்பார்க்காத ரயில். ஆண்டுதோறும் நீராவி விழா நடக்கும் நியூ சவுத் வேல்ஸின் மெயிட்லண்ட் நகரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து நியூகாசல் திசையில் நான்கு தடங்கள் செல்கின்றன. துறைமுகத்துக்கு நிலக்கரி ஏற்றிச் செல்லும் நீண்ட சரக்கு ரயில்கள் அவற்றில் ஓடுகின்றன. விழா என்பதற்காக அவை நிற்பதில்லை. எல்லாரும் ஒரு தடத்தில் வரும் புகையையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, முதுகுக்குப் பின்னால் வரும் ரயிலின் ஓசை இஞ்சினின் ஊதலிலும் கூட்டத்தின் ஆரவாரத்திலும் அமுங்கிப்போகும்.

சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்கு இந்த அச்சம் இயல்பாக வராததற்குக் காரணம் இருக்கிறது. 1987இல் எம்ஆர்டி நகர ரயில் ஓடத் தொடங்கியபோதே சுரங்க நிலையங்களில் தடுப்புக் கதவுகள் இருந்தன. 2012க்குள் மேம்பாலத் தட நிலையங்களுக்கும் அவை வந்துவிட்டன. திறந்த தடமாக நமக்கிருந்த மலாயா ரயில் பாதையும் 2011 ஜூன் 30ஆம் தேதியோடு மூடப்பட்டு, 24 கிலோமீட்டர் நடைபாதையாக மாறிவிட்டது. அந்தப் பாதையின் புக்கிட் தீமா இரும்புப் பாலத்தில் மணமக்களை நிறுத்திப் படம் எடுத்துப் பழகிய தலைமுறைக்குத் தண்டவாளம் என்பது நடப்பதற்கும் உட்காருவதற்கும் உரிய அழகான இடம். அந்தப் பழக்கத்தை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். எங்கள் தொழிலாளர்கள் நள்ளிரவுக்குப் பிறகு, கடைசி ரயில் போன பின்னும், மின்சாரம் நிறுத்தப்பட்டதை உறுதிசெய்து அனுமதி பெற்ற பிறகே தடத்தில் கால் வைக்கிறார்கள், அதுவும் சம்பளத்துக்காக!

எவ்வளவு தள்ளி நிற்பது என்று கேட்பீர்கள். ஆஸ்திரேலிய ரயில் விதிகளில், அருகிலுள்ள தண்டவாளத்திலிருந்து 3 மீட்டருக்குட்பட்ட பகுதி முழுவதும் ஆபத்துப் பகுதி. பயிற்சி பெற்ற ஊழியரும் உரிய பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் அதற்குள் போக முடியாது. ஆகவே 5 மீட்டர் தள்ளி, வேலிக்கு வெளியே நின்று எடுங்கள். வேலி இல்லாத இடம் அனுமதிக்கப்பட்ட இடம் என்று பொருளாகாது. புறப்படும் இஞ்சினின் முன்புறத்துக்குப் பக்கவாட்டில் நிற்க வேண்டாம். சிலிண்டரிலிருந்து பீறிடும் வெள்ளை நீராவி படத்தில் அழகாக இருக்கும், தோலில் பட்டால் வெந்துவிடும். கரித்துகள் கண்ணில் விழுந்தால் கசக்காமல் தண்ணீரால் கழுவுங்கள். உறுத்தல் போகாவிட்டால் மருத்துவரிடம் போங்கள். மேலே மின்கம்பி ஓடும் இடத்தில் கேமரா முக்காலியையோ நீண்ட கோலையோ உயர்த்தாதீர்கள். 25,000 வோல்ட் பாய்வதற்குக் கம்பியைத் தொடவேண்டிய அவசியமில்லை.

விடுமுறையில் ஊட்டிக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ஏறும்போது நீராவி இஞ்சின் பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிச் செல்கிறது. எனவே அதைப் படம் எடுக்க விரும்புபவர் சன்னலுக்கு வெளியே உடலை நீட்டிப் பின்னோக்கித் திரும்புகிறார். அடுத்த சுரங்கத்தின் வாயோ அவருடைய முதுகுப் பக்கத்திலிருந்து வருகிறது. அந்தப் பாதையில் 16 சுரங்கங்கள் இருக்கின்றன. குழந்தைகளைத் தூக்கிப் பிடித்துக் காட்டும் தாத்தா பாட்டிகளே, தயவுசெய்து வேண்டாம்.

2016 பிப்ரவரியில், புதுப்பிக்கப்பட்ட 'ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்' என்ற பிரிட்டிஷ் நீராவி இஞ்சின் லண்டனிலிருந்து யார்க்குக்கு ஓடிய முதல் பயணத்திலேயே, படம் எடுக்க வந்தவர்கள் தடத்தில் இறங்கியதால் வழியில் நிறுத்தப்பட வேண்டியிருந்தது. நல்ல படம்தான் வேண்டுமென்றால், படம் எடுப்பவர்களுக்கென்றே ஏற்பாடு செய்யப்படும் சிறப்பு ரயில்களில் இடம் வாங்குங்கள். அவற்றில் பயணிகளைப் பாதுகாப்பான இடத்தில் இறக்கி வரிசையாக நிறுத்திவிட்டு, வண்டி பின்னால் சென்று, புகையும் ஊதலுமாக மீண்டும் அவர்களைக் கடந்து ஓடிக் காட்டும்.

குழுக்களை அழைத்துச் செல்லும் அண்ணன்மாரிடமும் அக்காமாரிடமும் நான் கேட்பது, தடத்தில் வேலை செய்யும் எந்தக் குழுவும் கடைப்பிடிக்கும் ஒரு வழக்கத்தைத்தான். ஒவ்வொரு முறையும் ஒருவர் கேமராவைத் தொடாமல், இரு திசைகளையும் பார்த்துக் காவல் நிற்கட்டும். முறை மாற்றி நின்றால் யாருக்கும் படம் குறையாது. அன்று காவல் நின்றவருக்கு மற்றவர்கள் தங்கள் படங்களைக் கொடுக்கலாம். அவர் "பின்னால் வாங்க" என்றால் குழுவில் மூத்தவராக இருந்தாலும் உடனே பின்வாங்க வேண்டும். ஏன் என்பதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.