உண்மையான கையெழுத்தும் செல்லாமல் போகும்

பதவியில் இருப்பவரைத் திரும்பப் பெற, அதாவது பதவிக்காலம் முடியும் முன்பே வாக்கெடுப்பு நடத்தி நீக்க, வாக்காளர்கள் கையெழுத்திட்டுக் கோரும் மனு தள்ளுபடியானால், கள்ளக் கையெழுத்துதான் காரணம் என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலிஸில் 2022-இல் நடந்ததைப் பாருங்கள். மாவட்ட அரசு வழக்கறிஞர் ஜார்ஜ் கஸ்கோனுக்கு எதிராக 7,15,833 கையெழுத்துகள் தாக்கலாயின. தேவை 5,66,857. தேறியவை 5,20,050 மட்டுமே. தள்ளப்பட்ட 1,95,783-இல் கையெழுத்துப் பொருந்தாதவை வெறும் 9,490. வாக்காளராகவே பதியாதவர்கள் 88,464 பேர். ஏற்கெனவே போட்டவர்கள் மீண்டும் போட்டவை 43,593. முகவரி மாறியவை 32,187.

ஆகவே கவனம் செல்ல வேண்டிய இடம் வாக்காளர் பதிவேடு. சரிபார்ப்பவர் முதலில் பெயரையும் முகவரியையும் வைத்து வாக்காளரைத் தேடுவார். வீடு மாறியவர் புது முகவரியை மனுவில் எழுதி, வாக்காளர் பதிவில் பழையதை விட்டுவைத்திருந்தால், கலிஃபோர்னியச் சட்டப்படி அந்தக் கையெழுத்து செல்லாது. கையெழுத்து அச்சு அசலாக இருந்தாலும் அதே கதிதான். வீட்டு முகவரிக்குப் பதில் தபால் பெட்டி எண் எழுதினாலும் செல்லாது. பெயரையும் முகவரியையும் கையெழுத்திடுபவரே தன் கைப்பட எழுத வேண்டும். வரிசை நீள்கிறதே என்று கையெழுத்து திரட்டுபவர் நிரப்பிக் கொடுப்பது பெரும் தவறு.

பதியாதவர்களுக்கு வழி உண்டு, பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. வாக்களிக்கத் தகுதியுள்ளவர் அதே நாளில், மனுவுக்கு முன்பாகப் பதிவுப் படிவத்தில் கையெழுத்திட்டு, மனு தாக்கலாகும் நாளுக்குள் அது தேர்தல் அலுவலகம் போய்ச் சேர்ந்துவிட்டால் போதும், அவருடைய கையெழுத்து கணக்கில் வரும். திரட்டுபவர் கையில் பதிவுப் படிவக் கட்டு இருப்பது அவசியம். கிரீன் கார்டு மட்டும் உள்ளவர்கள் கையெழுத்திடக் கூடாது.

மனுவில் உள்ள கையெழுத்தைப் பதிவில் உள்ளதோடு ஒப்பிடும்போது, அது வாக்காளருடையதே என்ற அனுமானத்தில்தான் அலுவலர் தொடங்க வேண்டும். சாய்வு, எழுத்து இடைவெளி, அளவு ஆகியவற்றைப் பார்ப்பார். அவசரம், கை நடுக்கம், வயது, அடியில் வைத்த அட்டையின் மென்மை ஆகியவற்றால் வரும் வேறுபாட்டை மன்னிக்கலாம். முதல் பெயருக்கோ நடுப்பெயருக்கோ பதில் இனிஷியல் போட்டதற்காக மட்டும் தள்ளக் கூடாது. இனிஷியலோடே வாழும் நம்மவர்களுக்கு இது ஆறுதல். ஆனால் பதிவில் ஆங்கிலத்திலும் மனுவில் தமிழிலும் கையெழுத்திட்டால், ஒப்பிட எதுவும் மிஞ்சாது.

ஒரே ஆள் இரண்டு முறை போடும் இரட்டைக் கையெழுத்தின் ஆபத்து, சிலவற்றை மட்டும் குருட்டாம்போக்கில் எடுத்துப் பார்க்கும் மாதிரிச் சோதனையில்தான் தெரியும். உள்ளூர்ப் பதவிக்கான மனுவில் 500-க்கு மேல் கையெழுத்து இருந்தால், 5 சதவீதத்தையோ 500-ஐயோ, எது அதிகமோ அதை எடுத்துப் பார்க்கலாம். அதை வைத்துப் போடும் மதிப்பீடு தேவையில் 90 சதவீதத்துக்குக் கீழே போனால் மனு தோற்கும், 110-ஐத் தாண்டினால் தேறும், இடையில் நின்றால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். கஸ்கோன் மனு இடையில் நின்றது. இப்போது கணக்கைக் கவனியுங்கள். ஒரே ஆள் போட்ட இரண்டும் 5 சதவீத மாதிரிக்குள் விழ வாய்ப்பு 400-இல் 1. அப்படி ஒரு ஜோடி சிக்கினால், முழுக் கட்டில் சுமார் 400 ஜோடிகள் இருக்கும் என்று பொருள். அன்றன்று வந்த தாள்களைக் கணினியில் ஏற்றிப் பெயர்களை ஒத்துப் பார்த்தால், மீண்டும் போட்டவற்றைக் கழித்து உண்மையான எண்ணிக்கை எங்கே நிற்கிறது என்று தாக்கலுக்கு முன்பே தெரியும்.

மனு போதாது என்று சான்று வந்தால், எந்தக் கையெழுத்து ஏன் தள்ளப்பட்டது என்று முன்மொழிந்தவர்கள் போய்ப் பார்க்கலாம். அதைச் சான்று வந்த 21 நாட்களுக்குள் தொடங்கிவிட வேண்டும்.