மறுபடியும் அதே டபராவா?

"சார், இவன் தண்ணி லாரியைத் தவிர வேற எதையும் வரைய மாட்டேங்கிறான். நீங்க கொஞ்சம் சொல்லுங்க."

சனிக்கிழமை வகுப்பு முடிந்து பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஓர் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னது. பையனுக்கு எட்டு வயது. நோட்டை வாங்கிப் புரட்டினேன். முதல் பத்துப் பக்கம் எல்லாப் பிள்ளைகளும் வரைகிற லாரிதான்: நீளமாக ஓர் உருளை, கீழே சக்கரங்கள். பதினோராவது பக்கத்தில் லாரி முதுகைக் காட்டி நின்றது. தொங்குகிற ஹோஸ், அதன் நுனியில் ஒரு சொட்டு, தரையில் ஈரத் திட்டு. அடுத்த பக்கத்தில் லாரியே இல்லை. சாலை நடுவில் வளைந்து வளைந்து ஓர் ஈரக் கோடு மட்டும். "லாரி போயிடுச்சு சார்" என்றான்.

இன்னொரு நோட்டு வாங்கிக் கொடுங்கள் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. பள்ளி ஓவியப் போட்டிக்கு மயிலும் மரமும் கேட்பார்களாம். கேட்பார்கள்தான்.

இருபது வருடத்துக்கு மேலாகப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தப் புகார் எனக்குப் பழகிவிட்டது. பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் சொல்வார்கள், பெரியவர்கள் தாங்களே தங்களைப் பற்றிச் சொல்வார்கள்: ஒரே விஷயத்தையே போட்டுக்கொண்டிருந்தால் சரக்கு இல்லை என்று நினைக்க மாட்டார்களா? போதாக்குறைக்கு இப்போது போனில் முப்பது நாள் சவால்கள் வேறு. ஒரு நாள் மீன், ஒரு நாள் கோயில் கோபுரம், ஒரு நாள் பாட்டி முகம். கைக்கு அது நல்ல பயிற்சி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணுக்கு அதில் வேலையே இல்லை. மீனை ஒரு தடவை வரையும்போது நமக்கு ஏற்கெனவே தெரிந்த மீனைத்தான் வரைகிறோம். தெரிந்ததெல்லாம் தீர்ந்தபிறகுதான் எதிரே இருக்கிற மீன் கண்ணில் படும். அதற்கு ஏழெட்டுப் படமாவது செலவாகும்.

என் வகுப்பில் ஓர் அம்மா இருக்கிறார். வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவர். சேர்ந்த புதிதில் வாரம் ஒரு படம் போடுவார். கிருஷ்ணர், சூரிய அஸ்தமனம், யானை, தஞ்சாவூர்ப் பொம்மை. ஆறு மாதம் போயிற்று. எல்லாப் படத்திலும் ஒரே தவறு: நிழல் என்றால் கறுப்பை எடுத்துப் பூசிவிடுவார். நான் சொன்னால் அந்தப் படத்தில் திருத்துவார், அடுத்த படம் வேறு விஷயம் என்பதால் மறுபடி கறுப்பு. ஒரு நாள், "வீட்டிலிருந்து சின்னதாக ஏதாவது ஒரு பொருள் கொண்டுவாருங்கள், இனிமேல் அது மட்டும்தான்" என்றேன். மறு வாரம் எவர்சில்வர் டபரா ஒன்றோடு வந்தார். அதிலேயே தெரிந்தது, கோபமாக வந்திருக்கிறார் என்று.

தபால் அட்டை அளவுக்குத் தாளை வெட்டிக் கொடுத்தேன். வாட்டர்கலர், தினம் ஒன்று, வீட்டில் அரை மணி நேரம். முதல் நான்கைந்து படம் விளிம்பின் வட்டத்தோடு மல்லுக்கட்டவே சரியாகப் போனது. அப்புறம் வட்டம் பிடிபட்டது, சலிப்பும் வந்தது. வழக்கம்போலக் கறுப்பும் வெள்ளையும் குழைத்துச் சாம்பல் டபராக்கள். ஒன்பதாவது அட்டையில் டபராவின் வயிற்றில் ஒரு கீற்று அரக்கு நிறம் இருந்தது. என்ன இது என்று கேட்டேன்.

"நேத்து அரக்குப் புடவை சார். அது உள்ளே தெரிஞ்சது. புடவையை மாத்தினா டபராவும் மாறுமா?"

எவர்சில்வருக்குச் சொந்தமாக நிறம் கிடையாது, பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள் நிறம்தான். ஆறு மாதமாக நான் வாயால் சொல்லிக்கொண்டிருந்த பாடம். ஒரு வாரத்துக்கு மேல் அதே டபராவின் முன்னால் உட்கார்ந்ததில் அவருக்குத் தானாக வந்தது. அன்றோடு கறுப்புப் புட்டி மூடியே இருந்தது.

பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே என்ற பெயர் வந்தாலே எல்லாரும் அவருடைய அல்லிக் குளப் படங்களுக்குப் போய்விடுகிறார்கள். நான் வகுப்பில் காட்டுவது அவருடைய கதிர்ப் போர்ப் படங்களை. பிரான்ஸில் ஜிவெர்னி கிராமத்தில் அவர் வீட்டுக்குப் பக்கத்து வயலில் அறுவடைக்குப் பின் நின்ற போர்கள். நம்மூர் வைக்கோல் போரை நினைத்துக்கொள்ள வேண்டாம். அவை கதிர் அடிக்காமல் கட்டுக் கட்டாக அடுக்கி மேலே கூம்பாகக் கூரை வேய்ந்த கோதுமைப் போர்கள், பதினைந்து இருபது அடி உயரம். கதிரடிக்கும் இயந்திரம் ஊர் ஊராகச் சுற்றி வர மாதக்கணக்காகும் என்பதால் பனிக்காலம் வரை அப்படியே நிற்கும். அதாவது, மாடல் நகராது. வெளிச்சம்தான் நகரும். 1890-91இல் அவர் வரைந்தவை இருபத்தைந்து கேன்வாஸ் என்று கணக்கு. வெளிச்சம் மாறியதும் இன்னொரு கேன்வாஸ் கொண்டுவரச் சொல்லி, பின்னால் அவருக்கு மனைவியான ஆலிஸின் மகளை வீட்டுக்கு ஓட்டுவாராம், அதுவும் முடிவதற்குள் இன்னொன்றாம். அந்தப் பருவத்தில் சூரியன் சீக்கிரம் இறங்கிவிடுகிறது, என்னால் கூடவே ஓட முடியவில்லை என்று நண்பருக்குக் கடிதத்தில் புலம்பியிருக்கிறார்.

எல்லாவற்றையும் வயலிலேயே முடித்துவிட்டார் என்று நம்புகிறவர்கள் உண்டு. அப்படியில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றைப் பார்த்து இன்னொன்றைத் திருத்தியிருக்கிறார். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. தனியாகப் பார்த்தால் பனி மேல் விழுந்த நிழல் நீலமா ஊதாவா என்று சொல்வது கஷ்டம். காலைப் படத்துக்குப் பக்கத்தில் மாலைப் படத்தை வைத்தால் கேள்வியே இல்லை. 1891 மே மாதம் பாரிஸில் பதினைந்து போர்களை ஒரே அறையில் மாட்டியபோது பார்த்தவர்களுக்குப் போர் மறைந்து நேரம் தெரிந்திருக்க வேண்டும். சில நாளிலேயே விற்றும் போயின, திசைக்கொன்றாக. இன்றைக்கு சிகாகோவில் ஆறு சேர்ந்து இருக்கின்றன, ஓரிடத்தில் அதிகம் இருப்பது அங்கேதான். இந்த வரிசையில் ஒரு படத்தை மாஸ்கோ கண்காட்சியில் பார்த்த இளைஞர் காண்டின்ஸ்கிக்கு அது என்னவென்றே புரியவில்லை, கேட்டலாக்கைப் பார்த்துத்தான் போர் என்று தெரிந்துகொண்டாராம். எரிச்சல் வந்தாலும் படம் மனசை விட்டுப் போகவில்லை என்று பின்னால் எழுதினார். உருவமே இல்லாத ஓவியத்துக்கு வழி திறந்தவர்களில் அவர் ஒருவர்.

மோனேவுக்கும் இது சுகமான வேலையாக இருக்கவில்லை. அடுத்து ருவான் நகரத்து தேவாலயத்தின் முகப்பை எடுத்துக்கொண்டு முப்பதுக்கு மேல் வரைந்தார். அந்த நாட்களில், தேவாலயம் நீலமாகவும் ரோஸாகவும் மஞ்சளாகவும் தன் தலையில் இடிந்து விழுவதாகக் கெட்ட கனவு கண்டு ஆலிஸுக்கு எழுதியிருக்கிறார். என் மாணவர்களுக்கு இந்தக் கனவைச் சொன்னால் கொஞ்சம் தெம்பாகிறார்கள்.

டபராவுக்கு வருவோம். இருபதாவது அட்டை வாக்கில் ஒரு பிரச்சினை. வீட்டுக்காரர் அதிலேயே காபி ஆற்றிக் குடித்துவிட்டுக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறாராம், மறுநாள் இடம் மாறிவிடுகிறது. இத்தாலியில் பொலோன்யா நகரத்து ஓவியர் ஜார்ஜோ மொராண்டியைப் பற்றிச் சொன்னேன். 1964இல் இறந்தவர். சகோதரிகளோடு வாழ்ந்த வீட்டில் ஒரு சின்ன அறை, அங்கேதான் படுக்கை, அங்கேதான் படம் வரைகிற ஸ்டாண்ட். வாழ்நாளில் பெரும்பகுதி பாட்டில், ஜாடி, டப்பா. கண்ணாடி பளபளக்கிறது என்று பாட்டில்களுக்குப் பெயின்ட் அடித்துவைத்தார், மேலே படிந்த தூசியைத் தட்ட விடவில்லை. மேஜையில் விரித்த தாளில் ஒவ்வொரு பொருளும் நின்ற இடத்தைப் பென்சிலால் சுற்றிக் குறித்திருக்கிறார். கோட்டின் மேல் கோடாக, அதுவே ஒரு படம் போலக் கிடக்கிறது. அந்த அம்மா சாப்பாட்டு மேஜையில் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டார். வீட்டுக்காரர் இப்போது வேறு டபரா.

ஒன்றை அசையாமல் பிடித்தால்தான் மற்றது அசைவது தெரிகிறது. எதை அசையாமல் பிடிப்பது என்பது அவரவர் பாடு. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் எழுபது வயது வாக்கில் ஃபூஜி மலையைப் பிடித்துக்கொண்டார். 'முப்பத்தாறு காட்சிகள்' என்று பெயர், வாங்க ஆள் இருந்ததால் இன்னும் பத்து சேர்த்து மொத்தம் நாற்பத்தாறு மரக்கட்டை அச்சுகள். மலையை அத்தனை விதமாக எப்படிக் காட்டுவது? ஒன்றில், அடியில்லாத பெரிய மரத்தொட்டிக்குள் மண்டியிட்டு ஒருவர் இழைத்துக்கொண்டிருக்கிறார். தொட்டியின் வட்டத்துக்குள் தூரத்தில் சிறு முக்கோணமாக ஃபூஜி. ஒரே மலையைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறவருக்குத்தான் இந்தத் தொட்டி தோன்றும்.

நம் பக்கத்தில் கே.எம்.ஆதிமூலம். காந்தி நூற்றாண்டான 1969இல் காந்தியைக் கறுப்பு மையில் வரிசையாகக் கோட்டோவியங்களாக வரைந்தார். அப்புறம் மன்னர்கள் வரிசை. காந்தியிடம் பழகிய அதே கோடு மன்னர்களின் நகையிலும் தலைப்பாகையிலும் சிக்கிக் கிறுக்கிக் கிழிபடுகிறது. பின்னாளில் வண்ண வெளிகளுக்குப் போனார். கோடுகளை அந்த அளவுக்குப் பிழிந்து எடுத்தவர் போட்டதால் அந்த வண்ணத்தில் எனக்கு நம்பிக்கை வருகிறது.

இதையெல்லாம் சொல்கிற நானே ஒரு காலத்தில் ஏமாந்தேன். காசிமேட்டுப் படகுகளை வரைந்த என் படம் ஒன்று விற்றது. அதை விற்ற இடத்தில், "அதே மாதிரி இன்னும் போட்டுக் கொடுங்க, வானம் மட்டும் மாத்திக்கோங்க" என்றார்கள். பன்னிரண்டு போட்டேன். காசு வந்தது. ஐந்தாவதுக்கு அப்புறம் காசிமேட்டுக்கே போகவில்லை, என் பழைய படத்தைப் பார்த்து நானே காப்பியடித்தேன். பார்க்கிறவர்களுக்கு அதுவும் சீரீஸ் மாதிரித்தான் தெரியும். தூரிகையைத் தொடுவதற்கு முன்பே படம் எப்படி முடியும் என்று தெரிந்தது, அதுதான் அடையாளம். உங்களுக்கும் அப்படித் தெரிய ஆரம்பித்தால் ஒன்று அசையாததை மாற்றுங்கள், இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். எண்ணிக்கையை முடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

தொடங்க நினைப்பவர்களுக்கு: பொருள் சாதாரணமாக, தினம் கண்ணில் படுவதாக இருக்கட்டும். கோபுரம் வேண்டாம், அது தானே பேசிவிடும். தாள் அளவையும் வண்ண வகையையும் மாற்றாதீர்கள், சின்னத் தாளே போதும். பின்னால் எண்ணும் தேதியும் எழுதுங்கள். பிடிக்காததைக் கிழிக்க வேண்டாம், ஒன்பதாவதுக்கு எது காரணம் என்று பிறகு தேடும்போது எட்டாவது தேவைப்படும். பத்து முடியும்வரை போனில் போடாதீர்கள், மூன்றாவதுக்கு லைக் விழுந்தால் நான்காவதும் மூன்றாவதாகிவிடும். பத்தானதும் ஒரு கொடி கட்டித் துணி கிளிப்பில் எல்லாவற்றையும் சேர்த்து மாட்டிப் பாருங்கள். கல்லூரி நுழைவுக்கு போர்ட்ஃபோலியோ செய்கிற பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்கிறேன். இருபது படம் இருபது விதமாக இருந்தால் கை தெரியும். எட்டாவது படம் ஏழாவதிலிருந்து எப்படி வந்தது என்று காட்ட முடிந்தால் ஆள் தெரிவார்.

டபரா முப்பத்தொன்றோடு நின்றது. வகுப்பில் கொடி கட்டி மாட்டினோம். எட்டு சாம்பல், அப்புறம் அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை என்று கடைசிவரை. அவருடைய புடவை அலமாரியைத் திறந்துவைத்த மாதிரி இருந்தது. தண்ணி லாரிப் பையன் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "பாட்டி, கரண்ட் போனப்ப வரையலையா?" என்று கேட்டான். அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் பையிலிருந்து இன்னொரு டபராவை எடுத்து மேஜையில் வைத்தார். பித்தளை.

"உள்ளே ஈயம் பூசினது சார்" என்றார். "மெழுகுவத்தியும் கொண்டுவந்திருக்கேன்."