எரர் வந்தால் மூடி வைக்காதீர்கள்

காலை ஆறேகால் மணிக்கு போன் வந்தது. வேலூரில் மருத்துவமனையை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கும் லாட்ஜில் ராத்திரி மேசையைப் பார்த்துக்கொள்ளும் தம்பி பேசினான்.

"அண்ணா, இன்னான்னே தெரியல, எல்லா ரூமும் காலின்னு காட்டுது. மேல ஆளுங்க தூங்கிகினு இருக்காங்க. காட்பாடியில ரயில் எறங்கி ஒரு குடும்பம் வந்து நிக்குது. 204 குடுத்துடட்டுமா?"

"எந்தச் சாவியும் குடுக்காத. நோட்டைப் பார்த்து யார் யார் எந்த ரூம்னு எழுதி வை, வரேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். 204இல் மூன்று நாளுக்கு முன் அறுவை சிகிச்சை முடிந்த ஒரு பெரியவர் மனைவியோடு தங்கியிருந்தார். வேலூர் லாட்ஜுகளில் தங்குகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான். மேற்கு வங்கத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்து வாரக்கணக்கில் இருப்பார்கள். அவர்கள் அறைக் கதவை வேறொருவர் சாவி போட்டுத் திறப்பது சின்ன விஷயம் இல்லை.

நடந்தது இதுதான். அந்த லாட்ஜின் அறைக் கணக்கை ஒரு பிஎச்பி ஸ்கிரிப்ட், அதாவது இணையப் பக்கங்களுக்கான பிஎச்பி என்ற கணினி மொழியில் எழுதிய சின்ன நிரல், பார்த்துக்கொள்கிறது. பின்னால் தகவல்களைச் சேமித்து வைக்கும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ். பல வருடங்களுக்கு முன் யாரோ எழுதியது. அதில் குவெரி, அதாவது டேட்டாபேஸுக்குப் போகும் கட்டளை வாக்கியம், தயாரிக்க ஒரு பங்ஷன் (தனி வேலை ஒன்றைச் செய்யும் நிரல் துண்டு) உண்டு. அறை எண் வந்திருந்தால் குவெரியின் கடைசியில் அந்த அறைக்கு மட்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்கும். வரவில்லை என்றால் சேர்க்காது. பட்டியல் காட்டும் பக்கத்துக்கு இது சரியான ஏற்பாடு. அறை எண் கொடுக்காவிட்டால் எல்லா அறையும் தெரிய வேண்டும்தானே. ஆனால் அதே பங்ஷனை அறை காலி செய்யும் பக்கத்துக்கும் எடுத்துப் போட்டிருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் படிவத்தில் அறை எண் பெட்டியின் பெயரை ஒருவர் மாற்றியிருக்கிறார். பழைய பெயரைத் தேடிய ஸ்கிரிப்டுக்கு வெறுமைதான் கிடைத்தது. விடிகாலையில் ஒரே ஒரு அறையைக் காலி செய்ய பட்டனை அழுத்தியதும், நிபந்தனை இல்லாத அப்டேட் (இருக்கும் தகவலை மாற்றும்) குவெரி ஓடி 42 அறைகளும் காலியாகிவிட்டன.

பிஎச்பி இதைச் சொல்லாமல் விடவில்லை. 'இப்படி ஒரு பெயர் இல்லையே' என்று எச்சரிக்கும் மொழிதான் அது. அந்த வரிக்கு முன்னால் @ குறி போட்டு யாரோ அதன் வாயை அடைத்திருந்தார்கள்.

நல்லவேளை, ராத்திரி இரண்டு மணிக்கு எடுத்த பேக்கப் இருந்தது. அதற்கப்புறம் வந்த மூன்று பேரை நோட்டிலிருந்து ஏற்றினோம். ஒன்பது மணிக்குள் எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் அந்த @ குறியை நான் மறக்கவில்லை. வேலூரிலும் ராணிப்பேட்டையிலும் நான் திறந்து பார்க்கும் சின்னக் கடை ஸ்கிரிப்டுகளில் பத்துக்கு ஏழெட்டில் அது இருக்கிறது.

இந்த மொழி பிறந்த கதை தெரிந்தால் இதன் குணம் புரியும். 1994இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் தன்னுடைய இணையப் பக்கத்தை யார் வந்து பார்க்கிறார்கள் என்று அறிய எழுதிக்கொண்ட சின்னக் கருவிகள்தான் பிஎச்பியின் தொடக்கம். 1995இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார். முதலில் அதன் பெயரே 'பர்சனல் ஹோம் பேஜ்' கருவிகள். சொந்த வீட்டுக்குச் செய்த பொருள் என்பதால், தப்பு வந்தாலும் நிற்காமல் முடிந்தவரை பக்கத்தைக் காட்டிவிட வேண்டும் என்ற போக்கு அதில் ஊறிப்போனது. கற்றுக்கொள்கிறவருக்கு அது பெரிய உதவி. கல்லூரிப் பிள்ளைகள் ஒரு வார இறுதியில் பக்கம் ஒன்றை ஓடவைத்துவிடுகிறார்கள் என்றால் அதற்கு இதுதான் காரணம். ஆனால் பணமும் அறைச் சாவியும் அதை நம்பி இருக்கும்போது இந்தத் தாராளம் ஆபத்து. பூச்சியமும் 'ஆற்காடு' என்ற சொல்லும் சமமா என்று கேட்டால், 2020இல் வந்த எட்டாம் பதிப்பு வரைக்கும் இந்த மொழி 'ஆமாம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. எட்டில் பிஎச்பி திருந்திவிட்டது. மைஎஸ்க்யூஎல் இன்னும் அப்படித்தான். டேபிளில் (டேட்டாபேஸுக்குள் இருக்கும் அட்டவணையில்) எழுத்துகள் இருக்கும் பத்தியை, அதாவது நெடுவரிசையை, பூச்சியம் என்ற எண்ணோடு ஒப்பிட்டுத் தேடினால், எண்ணில் தொடங்காத அத்தனை வரிகளும் வந்து நிற்கும்.

சரி, எரர் வந்தால் என்ன செய்வது? வாடிக்கையாளர் கண்ணில் படக்கூடாது என்பது நியாயம். அது பாதுகாப்புக்கும் நல்லது, ஏனென்றால் எரர் செய்தியில் கோப்பு இருக்கும் இடமும் டேபிள் பெயரும் தெரிந்துவிடும். அதற்கு வழி, அமைப்புகளில் டிஸ்ப்ளே எரர்ஸை அணைத்துவிட்டு லாக் எரர்ஸை இயக்கி வைப்பது. திரையில் காட்டாமல் கோப்பில் எழுதச் சொல்கிறோம், அவ்வளவுதான். @ குறி இரண்டு இடத்திலும் சொல்லாமல் செய்துவிடுகிறது. அப்புறம் அந்த லாக் கோப்பை யாராவது திறந்து பார்க்கவும் வேண்டும். நான் பார்த்துக்கொள்ளும் இடங்களில் தினமும் காலை காபிக்கு முன் அதைத் திறப்பது என் பழக்கம்.

எரர் செய்தியைப் படிக்கவும் ஒரு முறை இருக்கிறது. மைஎஸ்க்யூஎல் 1064 என்று சொன்னால் குவெரியின் இலக்கணம் தப்பு. அந்தச் செய்தியில் மேற்கோளுக்குள் ஒரு துண்டு வரும். எந்த இடத்துக்கு மேல் தனக்குப் புரியவில்லையோ அங்கிருந்துதான் அது எடுத்துக் காட்டுகிறது. அதனால் தப்பு பெரும்பாலும் அந்தத் துண்டுக்குச் சற்று முன்னால் இருக்கும். விட்டுப்போன காற்புள்ளி, மூடாத அடைப்பு இப்படி. துண்டையே முறைத்துப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 1054 என்றால் அந்தப் பெயரில் பத்தி இல்லை, 1146 என்றால் டேபிளே இல்லை, 1062 என்றால் ஒன்றே இரண்டு முறை வரக்கூடாத பத்தியில் ஏற்கெனவே இருக்கும் மதிப்பையே திரும்பப் போடுகிறீர்கள். எட்டுக்கு முந்தின பிஎச்பி, கோப்பின் கடைசி வரியைக் காட்டி 'எதிர்பாராத முடிவு' என்றால், பெரும்பாலும் மேலே எங்கோ ஒரு நெளிவு அடைப்புக்குறி மூடாமல் இருக்கிறது.

என்னிடம் பழக வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: டேட்டாபேஸுக்குப் போன குவெரி எது, காட்டு. அவர்கள் ஸ்கிரிப்டில் எழுதியதைக் காட்டுவார்கள். மாறிகளை (ஓடும்போது மதிப்பு வந்து உட்காரும் பெயர்களை) ஒட்டிச் சேர்த்த வரி அது. அதை நான் கேட்கவில்லை. எல்லா மாறியும் நிரம்பி முடிந்தபின் உண்மையில் போய்ச் சேர்ந்த முழு வாக்கியத்தை லாக்கில் எழுதவைத்து, அதை எடுத்து, டேட்டாபேஸை நேரடியாகக் கையாளும் பிஎச்பிமைஅட்மின் என்ற கருவியில் ஒட்டி ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். பாதிச் சிக்கல் அந்த இடத்திலேயே அவிழ்ந்துவிடும். லாட்ஜிலும் அன்று அப்படித்தான் அகப்பட்டது. 'அப்டேட்' என்று தொடங்கி அறைகள் எல்லாவற்றையும் காலி என்று சொல்லி முடிந்துவிட்டது வாக்கியம். எந்த அறை என்ற பேச்சே அதில் இல்லை.

அப்டேட்டோ, வரிகளை அழிக்கும் டெலீட்டோ கையால் ஓட்டுவதாக இருந்தால், அதே நிபந்தனையோடு முதலில் செலக்ட் (எதையும் மாற்றாமல் எடுத்துக் காட்டும் குவெரி) ஓட்டி எத்தனை வரி வருகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்று வர வேண்டிய இடத்தில் 42 வந்தால் கை தானாக நின்றுவிடும். டேபிள் இன்னோடிபி என்ற சேமிப்பு வகையாக இருந்தால் டிரான்ஸாக்ஷன் (உறுதி செய்யும்வரை திரும்பப் பெறக்கூடிய ஓட்டம்) தொடங்கி ஓட்டிவிட்டு, பாதிக்கப்பட்ட வரி எண்ணிக்கையைப் பார்த்து, தப்பென்றால் ரோல்பேக் செய்து பழைய நிலைக்கே திரும்பலாம். மைஐசாம் என்ற பழைய வகை டேபிளில் அந்த வசதி கிடையாது. 2010இல் மைஎஸ்க்யூஎல் 5.5 வந்தபோதுதான் இன்னோடிபி இயல்பு வகையானது. அதற்கு முந்தின காலத்தில் உருவான டேபிள்கள் இன்னும் பல இடங்களில் அப்படியே ஓடிக்கொண்டிருக்கின்றன.

பெயரில் வரும் ஒற்றை மேற்கோள்குறி இன்னொரு கதை. டி'சூசா என்ற குடும்பப் பெயரோடு ஒருவர் அறை எடுக்க வந்தார். பெயரை ஏற்றியதும் 1064. அந்தக் குறி, குவெரியில் பெயரைச் சுற்றியிருந்த மேற்கோளைப் பாதியிலேயே மூடிவிட்டது. முன்பு இருந்தவர் செய்த வைத்தியம், பெயரிலிருந்து அந்தக் குறியை நீக்கிவிடுவது. இது தப்பு. ஒருவருடைய அடையாள அட்டையில் இருக்கும் பெயரை நம் வசதிக்கு வெட்ட நமக்கு உரிமை இல்லை. அதைவிட முக்கியமாக, டி'சூசாவின் பெயர் குவெரியை உடைக்கிறது என்றால், கெட்ட எண்ணத்தோடு வருகிறவன் அதே ஓட்டை வழியாகத் தன் கட்டளையை உள்ளே நுழைத்து மொத்த டேபிளையும் படித்துவிட முடியும் என்று அர்த்தம். நோயாளிகளின் பெயர், போன் எண், அடையாள அட்டை எண் எல்லாம் அதில் இருக்கிறது. தீர்வு ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட். குவெரியின் வடிவத்தை முதலில் அனுப்பிவிட்டு, மதிப்புகளைத் தனியாக அனுப்புவது. மதிப்புக்குள் என்ன குறி இருந்தாலும் டேட்டாபேஸ் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளாது. பிஎச்பியை டேட்டாபேஸோடு இணைக்கும் மைஎஸ்க்யூஎல்ஐ, பிடிஓ இரண்டிலும் இது இருக்கிறது. பிடிஓ 2005லிருந்தே பிஎச்பியோடு வருகிறது. இன்னமும் மாறிகளை மேற்கோளுக்குள் ஒட்டி எழுதிக்கொண்டிருக்க எந்தக் காரணமும் இல்லை.

தமிழில் பெயர் ஏற்றுகிறவர்களுக்கு வேறு சில தொல்லைகள். 'வேலூர்' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் ஆறு குறிகள். அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 18 பைட். பிஎச்பியின் பழைய நீளம் கேட்கும் பங்ஷன் 18 என்று சொல்லும். பத்து என்று வெட்டச் சொன்னால் ஒரு குறியின் நடுவில் வெட்டிவிடும். அந்த உடைந்த துண்டை ஜேசானாக (நிரல்கள் தகவல் பரிமாறிக்கொள்ளும் வடிவம்) மாற்றப் போனால் ஒன்றும் வராது, பக்கம் வெறுமையாக நிற்கும். பெயர் 'எம்பி' என்று தொடங்கும் பங்ஷன்களைப் பயன்படுத்துங்கள். சேமித்த தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகத் தெரிந்தால் பெரும்பாலும் எழுத்துகள் போய்விட்டன, பேக்கப்தான் கதி. புரியாத ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் பைட்டுகள் பத்திரமாக இருக்க வாய்ப்பு உண்டு, பதறி எதையும் திரும்பச் சேமித்துவிடாதீர்கள். கொசப்பேட்டை என்று தேடினால் கொசப்பேட்டை வராத கதையையும் பார்த்தேன். ஒருவர் ஒகரக் குறியை ஒரே குறியாகத் தட்டியிருந்தார், இன்னொருவருடைய கீபோர்டு அதை ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகப் போட்டிருந்தது. கண்ணுக்கு ஒன்று, பிஎச்பிக்கு வேறு வேறு. ஏற்றும்போதே பிஎச்பியில் இதற்கென்றே இருக்கும் நார்மலைசர் வழியாக ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

எரரே வராமல் தப்பான விடை வருவதுதான் எனக்கு அதிகக் கவலை. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றானது. ஒரு தோல் பொருள் நிறுவனத்தின் பட்டியலில் ராணிப்பேட்டை, ஆம்பூர் முகவரிகள் பல மாதம் 'வேலூர்' என்றே கிடந்தன. குவெரி சுத்தமாக ஓடியது, மாவட்டவாரிக் கணக்கு தப்பு. பின்கோடை வைத்துப் பிரிக்கலாம் என்றார்கள். அதுவும் சரிவராது: வேலூரைப் போலவே 632இல் தொடங்கும் பின்கோடு உள்ள ஆரணி திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. ஊர் வாரியாக உட்கார்ந்து திருத்தினோம்.

அதே லாட்ஜில் இப்படி ஒன்று நடந்தது. கொல்கத்தாவிலிருந்து மனைவியின் சிகிச்சைக்கு வந்த ஒருவர், அறையைக் காலி செய்யும்போது பில்லைக் கையில் வைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணினார். ஒன்பது நாள். பில்லில் பத்து. தம்பி கம்ப்யூட்டரைக் காட்டினான். அவர் தன் ரயில் டிக்கெட்டைக் காட்டினார். அவர் அறைக்குள் போனது விடிகாலை நாலரை மணிக்கு. அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் ஸ்கிரிப்ட் புது சர்வருக்கு மாறியிருந்தது. பழையது இந்திய நேரத்தில் இருந்தது, புதியது யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில், நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். இங்கே நாலரை என்றால் அங்கே முந்தின நாள் ராத்திரி பதினொன்று. நாள் கணக்கு தேதியை மட்டும் பார்ப்பது என்பதால், விடிகாலை ஐந்தரைக்குள் வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் வாடகை கூடுதலாக விழுந்துகொண்டிருந்தது. ரயிலில் வருகிறவர்களில் எத்தனையோ பேர் அந்த நேரத்தில்தான் வந்து இறங்குகிறார்கள்.

பிஎச்பியின் நேர மண்டலத்தை ஆசியா கொல்கத்தா என்றும், டேட்டாபேஸ் இணைப்பின் நேரத்தை +05:30 என்றும் அமைத்தேன். ஒன்றை மட்டும் மாற்றினால் போதாது, இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு அந்த ஒரு மாதத்தில் சேமித்த நேரம் 18:30க்கு மேல், அதாவது நம் நேரத்தில் நள்ளிரவு முதல் ஐந்தரைக்குள், இருந்த வரிகளை எல்லாம் எடுத்தேன். முப்பத்தொரு பேர். கொல்கத்தாக்காரருக்கு அன்றே கையில் பணம் கொடுத்தாயிற்று. மீதி முப்பது பேரின் பட்டியலை அச்செடுத்து முதலாளியின் மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் எண்ணுக்குத் தானே போன் போட்டார்.