வைல்டு கார்டு: பலாட்ரோ என்ற வீடியோ கேமில் என்ன பொருள், தமிழில் என்ன பெயர்?

வைல்டு கார்டு என்றதும் தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு பிக் பாஸ் வீட்டுக்குள் நடுவில் பெட்டியோடு நுழைபவர்தான் நினைவுக்கு வருவார். டென்னிஸ் பார்ப்பவர்களுக்கு 2001 விம்பிள்டன். தரவரிசையில் 125ஆம் இடத்தில் இருந்த கோரான் இவானிசெவிச் சிறப்பு அனுமதியில் உள்ளே வந்து, கோப்பையையே தூக்கிக்கொண்டு போனார். இந்த இரண்டு பொருளும் சீட்டுக்கட்டிலிருந்து கடன் போனவை. மூலப் பொருள் இதுதான்: தனக்கென்று நிலையான மதிப்பு இல்லாமல், ஆடுபவரின் தேவைக்கேற்ப வேறொரு சீட்டாக வைத்துக்கொள்ளக்கூடிய சீட்டு.

ரம்மி ஆடத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆட்டம் தொடங்கும்போது சீட்டுக்கட்டை வெட்டி ஒரு சீட்டைத் திருப்பி வைக்கிறார்கள். அது ஏழு என்றால் நாலு இன ஏழும் அந்த ஆட்டத்துக்கு ஜோக்கர். கையில் இரண்டும் மூன்றும் இருந்து நாலு வராவிட்டால் கவலையில்லை, ஜோக்கரைச் சொருகலாம். போக்கரிலும் இப்படி ஆடுவதுண்டு. இரண்டுகளை எல்லாம் வைல்டு என்று பேசிவைத்துக்கொண்டு உட்கார்ந்தால், சாதாரணக் கட்டில் வரவே முடியாத ஐந்து ராஜாக்கள்கூட ஒரே கையில் வந்துவிடும்.

இங்கே வைல்டு என்பதற்கும் காட்டுக்கும் சம்பந்தமில்லை. கட்டுக்குள் அடங்காதது, இன்னதுதான் என்று கட்டிவைக்க முடியாதது என்ற பொருளில் வரும் வைல்டு இது. காட்டுச் சீட்டு என்று யாராவது மொழிபெயர்த்திருந்தால் அகராதியில் முதல் பொருளோடு நின்றுவிட்டார் என்று அர்த்தம்.

இன்னொரு தவறான மொழிபெயர்ப்பு இதைவிடப் பரவலானது: துருப்புச்சீட்டு. துருப்பு என்றால் மற்ற இனங்களை வெட்டுகிற இனம், ஆங்கிலத்தில் ட்ரம்ப். அது பலத்தைப் பற்றிய சொல். துருப்பு ஏழு எப்போதும் ஏழாகவேதான் இருக்கும், ஆனால் வேறு இன ராஜாவை அடித்துவிடும். வைல்டு கார்டு யாரையும் அடிப்பதில்லை, இன்னொரு சீட்டின் இடத்தில் போய் உட்காருகிறது. ஆனாலும் இந்தக் குழப்பத்துக்கு வரலாற்றில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஜோக்கர் சீட்டு 1860களில் அமெரிக்காவில் யூக்கர் என்ற ஆட்டத்துக்காகப் பிறந்தது, அதுவும் எல்லாவற்றுக்கும் மேலான துருப்பாகத்தான். ஜோக்கர் என்ற பெயரே யூக்கரின் திரிபு என்றும் சொல்வார்கள். அப்புறம்தான் அது போக்கர் மேசைக்குப் போய் எதுவாகவும் மாறும் சீட்டானது.

சரி, பலாட்ரோவுக்கு வருவோம். லோக்கல்தங்க் என்ற புனைபெயரில் இயங்கும் கனடாக்காரர் ஒருவர் உருவாக்கி, 2024 பிப்ரவரியில் வெளிவந்த விளையாட்டு இது. பலாட்ரோ என்றால் லத்தீனில் கோமாளி. வழக்கமான 52 சீட்டோடு தொடங்கி, சுற்றுக்குச் சுற்று கட்டையே மாற்றிக்கொண்டு போக வேண்டும். சீட்டு சேர்க்கலாம், கழிக்கலாம், ஒன்றை இன்னொன்றாக்கலாம். எதிராளி கிடையாது, எட்ட வேண்டிய புள்ளிதான் எதிராளி. ஜோடி, வரிசை, ஃப்ளஷ் எனப் போக்கரில் ‘கை’ என்று சொல்லும் சீட்டுச் சேர்க்கைகளுக்கு அடிப்படைப் புள்ளி உண்டு. அதில் சிப்ஸ் என்ற புள்ளி ஒரு பக்கம், மல்ட் என்ற பெருக்கி இன்னொரு பக்கம். இரண்டையும் பெருக்கினால் வருவது உங்கள் கணக்கு.

இந்த விளையாட்டில் ஜோக்கர் இருக்கிறது, 150 வகை இருக்கிறது. ஆனால் ஒன்றுகூட ரம்மி ஜோக்கர் மாதிரி கைக்குள் வராது. மேலே தனி வரிசையில் உட்கார்ந்துகொண்டு புள்ளிகளை ஏற்றிவிடுவதுதான் அவற்றின் வேலை. வைல்டு கார்டு வேறு விஷயம். கட்டிலுள்ள சீட்டுகளை மாற்ற உதவும் டாரட் என்ற சிறப்புச் சீட்டுகளில் லவ்வர்ஸ் என்று ஒன்று வரும். அதைப் பயன்படுத்தினால் கையிலுள்ள ஒரு சீட்டு வைல்டு ஆகிவிடும். ரம்மி பழக்கத்தில் வருபவர்கள் தடுக்கி விழும் இடம் இங்கேதான். பலாட்ரோவில் வைல்டு என்றால் இனம் மட்டும்தான் எதுவாகவும் இருக்கலாம். எண் மாறாது. ஸ்பேடு ஏழை வைல்டு ஆக்கினால் அது ஆட்டின் ஏழாகும், டைமண்ட் ஏழாகும், கிளாவர் ஏழாகும், ஒருநாளும் எட்டு ஆகாது. ஜோடி சேர்க்கவோ வரிசையில் விட்டுப்போன எண்ணை நிரப்பவோ உதவாது. நிறத்தை மட்டும் நம் விருப்பத்துக்கு விடுகிற ஊனோ வைல்டுக்குத்தான் இது நெருக்கம்.

ஒரு கையைப் பார்ப்போம். ஆட்டின் இனத்தில் 2, 5, 9, ராஜா, கூடவே ஸ்பேடு ஏழு. அப்படியே இறக்கினால் எந்தச் சேர்க்கையும் அமையாது, பெரிய சீட்டான ராஜா மட்டும் கணக்கில் வரும்: அடிப்படை 5, ராஜாவுக்கு 10, மல்ட் 1, மொத்தம் 15 புள்ளி. ஏழு வைல்டு என்றால் ஐந்தும் ஒரே இனம், ஃப்ளஷ். அடிப்படை 35, சீட்டுகளுக்கு 33, ஆக 68. மல்ட் 4, மொத்தம் 272. தொடக்கச் சுற்றில் கேட்கும் 300க்கு ஒரே கையில் பக்கத்தில் வந்தாயிற்று. மேலே லஸ்டி ஜோக்கர் இருந்தால் ஒவ்வொரு ஆட்டினுக்கும் மல்ட் 3 கூடும். வைல்டு ஏழும் ஆட்டின் கணக்குதான், எனவே 15 கூடி மல்ட் 19 ஆகிறது. 68ஐ 19ஆல் பெருக்கினால் 1,292.

இதே ஏழு ஒரே சமயத்தில் நாலு இனமும்தான் என்பதை மறக்கக் கூடாது. ‘இப்போது இது ஆட்டின்’ என்று நீங்கள் எங்கேயும் அறிவிப்பதில்லை. ஒவ்வொரு ஜோக்கரும் தன் தன் கேள்வியைக் கேட்கிறது, சீட்டு எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்கிறது. இதன் உச்சம் ஃப்ளவர் பாட் என்ற ஜோக்கர். இறக்கிய கையில் நாலு இனமும் இருந்தால் மல்ட்டை மூன்று மடங்காக்குவது அது. ஃப்ளஷ்ஷோ எல்லாம் ஒரே இனமாக வேண்டும் என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாது என்றுதானே தோன்றும்? இரண்டு ஆட்டினும் மூன்று வைல்டும் இறக்கிப் பாருங்கள். ஃப்ளஷ்ஷும் கிடைக்கும், மூன்று மடங்கும் கிடைக்கும். எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த திருட்டுத்தனம் இது.

இவ்வளவு இருந்தும் வைல்டு கார்டை அனுபவசாலிகள் அவ்வளவாகத் தேடிப் போவதில்லை. லவ்வர்ஸ் ஒரு சீட்டைத்தான் மாற்றும். சன், மூன், ஸ்டார், வேர்ல்டு ஆகிய டாரட்கள் ஆளுக்கொரு இனமாக, ஒரே தடவையில் மூன்று சீட்டு வரை மாற்றித் தந்துவிடும். வைல்டு போன்ற மேம்பாடு ஒரு சீட்டுக்கு ஒன்றுதான் என்பதால், வைல்டு ஆனது கண்ணாடிச் சீட்டாகவோ எஃகுச் சீட்டாகவோ இருக்க முடியாது. இன்னொரு தலைவலியும் உண்டு. சில பாஸ் சுற்றுகளில் ஒரு குறிப்பிட்ட இனமே முடக்கப்படும். 2024இல் வெளியான வடிவத்தில், எந்த இனத்தை முடக்கினாலும் வைல்டு சேர்ந்தே முடங்கும், எல்லா இனமும் அதுதானே. முடங்கினால் புள்ளியும் தராது, ஃப்ளஷ் கணக்கில் தன் பழைய இனத்துக்கே திரும்பிவிடும்.

இப்போது தமிழ்ப் பெயர். பேச்சுத் தமிழில் இதற்கு ஜோக்கர் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது, ரம்மிக்கு அது போதும். ஆனால் பலாட்ரோவில் அந்தப் பெயர் வேறொன்றுக்குப் போய்விட்டதால் இங்கே சரிப்படாது. பொதுவான சீட்டாட்டப் பொருளுக்குப் பதிலிச் சீட்டு என்று எழுதுவேன். இன்னொன்றின் இடத்தில் நிற்பதைத்தான் பதிலி என்கிறோம், வேறு விளக்கம் வேண்டியதில்லை. பலாட்ரோவின் வைல்டுக்கு அதுவும் முழுதாகப் பொருந்தவில்லை, ஏனென்றால் அது எண்ணுக்குப் பதிலி இல்லை. அதற்குப் பல்லினச் சீட்டு என்பதே என் தேர்வு. எது மாறும், எது மாறாது என்பது பெயரிலேயே தெரிந்துவிடும். லவ்வர்ஸின் விளக்கத்தை ‘தேர்ந்தெடுத்த ஒரு சீட்டைப் பல்லினச் சீட்டாக்கும்’ என்று எழுதினால், புதிதாக ஆடுபவர் அதை வைத்து ஜோடி சேர்க்கப் பார்க்க மாட்டார்.

டென்னிஸுக்கும் பிக் பாஸுக்கும் இந்த இரண்டு சொல்லையும் கொண்டுபோக வேண்டாம். அங்கே யாரும் எதற்கும் பதிலியாக வரவில்லை. சிறப்பு நுழைவு என்றாலே போதும்.